வோல்ஹாவும் ஓல்காவும் ஒருவர்தான்

ரொறன்ரோவில் புதிதாகக் குடியேறுபவர்களுக்கு உதவும் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். 2020க்குப் பிறகு, ரஷ்யாவுக்கும் போலந்துக்கும் இடையில் உள்ள பெலாரஸ் நாட்டவர்களும் என் மேசைக்கு வரத் தொடங்கினார்கள். இதே வேலையில் இருப்பவர்களுக்காகவும், பக்கத்து வீட்டில் ஒரு பெலாரஸ் குடும்பம் குடிவந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் குழப்பம் பெயரில் வரும். கடவுச்சீட்டில் 'வோல்ஹா' என்று இருக்கும். கேட்டால் 'ஓல்கா' என்பார். 'சியார்ஹெய்' என்று பதிவாகியிருப்பவரை மனைவி 'செர்கெய்' என்று கூப்பிடுவார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அங்கே பெலாரஸ் மொழி, ரஷ்ய மொழி இரண்டும் அரச மொழிகள். கடவுச்சீட்டின் ஆங்கில எழுத்துகள் பெலாரஸ் மொழி உச்சரிப்பைப் பின்பற்றுகின்றன. ரஷ்ய மொழிச் சான்றிதழை மொழிபெயர்த்தால் ஓல்கா என்று வந்துவிடும். படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதுங்கள். ஆனால் "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கே பலர் முகம் இளகுவதைப் பார்த்திருக்கிறேன்.

ரஷ்யன் பேசுகிறார்களே என்று "ரஷ்யாவா?" என்று கேட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் நான் ஒரு பெண்ணிடம் அப்படிக் கேட்டேன். "இல்லை, பெலாரஸ்" என்று மெதுவாகச் சொன்னவர், அன்று அதற்கு மேல் அதிகம் பேசவில்லை. 2019 கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் தாய்மொழி பெலாரஸ் மொழி என்று பதிந்தார்கள். வீட்டில் அதைப் பேசுவதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். நாம் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி அந்த இடைவெளியில் போய்த் தைக்கிறது. ரஷ்ய மொழிபெயர்ப்பாளரை அழைப்பதற்கு முன்பும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியம். 1994 முதல் ஆட்சியில் இருக்கும் பெலாரஸ் ஜனாதிபதி லுகஷென்கோ, 2020 ஆகஸ்ட் 9 தேர்தலிலும் வென்றதாக அறிவிக்கப்பட்டார். அந்த முடிவை எதிர்த்து லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். பல்லாயிரம் பேர் பிடிக்கப்பட்டார்கள். 'தீவிரவாதம்' என்று முத்திரை குத்தப்பட்ட டெலிகிராம் பக்கத்தைப் பின்தொடர்ந்தாலே அங்கே தண்டனை உண்டு. 1918இல் சுதந்திரம் அறிவிக்கப்பட்ட மார்ச் 25ஐ வெளிநாடுகளில் கூடிக் கொண்டாடியவர்கள்மீதும் வழக்குப் போட்டார்கள். ஊரில் இருக்கும் உறவினர் வீடுகளைச் சோதனை போட்டார்கள்.

அதனால் நம் வரவேற்பு விழாவில் குழுப் படம் எடுக்கும்போது ஒருவர் நழுவி வெளியே போனால், ஒட்டாத ஆள் என்று எண்ண வேண்டாம். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், முகநூலில் போடாதீர்கள். ஊரில் இருப்பவர்களுக்கு என்ன ஆகுமோ என்று தொலைபேசியில்கூட அளந்து பேசிய காலம் இலங்கையிலிருந்து வந்த நம்மில் பலருக்கு மறந்திருக்காது.

அப்புறம், கடவுச்சீட்டு முடிவடையும் தேதி. "தூதரகத்தில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்" என்று வழக்கம்போல் சொல்லிவிடுவோம். ஒட்டாவாவில் இருந்த பெலாரஸ் தூதரகம் 2021இல் மூடப்பட்டுவிட்டது. 2023 செப்டம்பரில் வந்த ஆணைக்குப் பிறகு எந்த நாட்டில் உள்ள பெலாரஸ் தூதரகத்திலும் அவர்களால் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க முடியாது. ஊருக்கே போக வேண்டும். சிலருக்கு அது சிறைக்குப் போவதுதான். போலந்தும் லித்துவேனியாவும் இப்படிச் சிக்கியவர்களுக்குத் தனிப் பயண ஆவணம் கொடுக்கின்றன. இங்கே நாம் செய்யக்கூடியது, முதல் சந்திப்பிலேயே அந்தத் தேதியைப் பார்த்து, காலம் இருக்கும்போதே குடிவரவு வழக்கறிஞரிடம் அனுப்புவது.

வீட்டுப் பழக்கங்கள் நமக்குப் புதிதல்ல. செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். விருந்தாளிக்குத் தட்டு நிறைய வரும். பெரும்பாலும் திரானிக்கி, அதாவது உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட அடை, புளித்த பாலாடையோடு. பூங்கொத்து கொண்டுபோனால் பூக்கள் ஒற்றைப்படையில் இருக்கட்டும். இரட்டைப்படை இறந்தவர்களுக்கு உரியது. முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது அங்கே வழக்கமில்லை, அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கத்தோலிக்கர்களின் டிசம்பர் 25, கிழக்கு மரபுக் கிறிஸ்தவர்களான ஆர்த்தடாக்ஸ் பிரிவினரின் ஜனவரி 7 இரண்டுமே அங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை.

இன்னொரு விடுமுறையை நம் நாட்காட்டிகளில் பார்க்க முடியாது. ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் முடிந்து ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, ராதவுனிட்சா. குடும்பத்தோடு கல்லறைக்குப் போய் முன்னோரை நினைக்கும் நாள். இங்கே இருப்பவர்களுக்குப் போக அந்தக் கல்லறை பக்கத்தில் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை குறித்த சந்திப்பை மாற்றச் சொல்லி யாராவது கேட்டால், காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுங்கள்.