‘நிகழ்கால முற்று’ என்பது வேறு

வெள்ளவத்தையில் மாலை ஆங்கில வகுப்பொன்றில் கொடுத்த அச்சுத்தாளைத் தங்கையின் மகள் கொண்டுவந்து காட்டினாள். அதில் ‘ஹாவ் சீன்’ போன்ற வினைவடிவத்தின் ஆங்கிலப் பெயரான ‘பிரெசென்ற் பேர்ஃபெக்ற்’ என்பதற்கு நேரே ‘நிகழ்கால முற்று’ என்றும், அதன் கீழே ‘செயல் முற்றுப்பெற்றதைக் காட்டும்’ என்றும் இருந்தது. அதை நம்பி அவள் எழுதியிருந்த வாக்கியம், ‘ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்ரடே’. இது பிழை என்றதும், “நேற்றுப் பார்த்தது முடிஞ்ச வேலைதானே மாமா, அப்ப முற்றுத்தானே?” என்று கேட்டாள். கொடுத்த பெயரை வைத்துப் பார்த்தால் அது நியாயமான கேள்வி. இந்தப் பெயரைக் கொழும்பில் பல வகுப்புகளின் தாள்களில் பார்த்துச் சலித்துவிட்டேன்.

‘பேர்ஃபெக்ற்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன் ‘பெர்ஃபெக்தும்’. ‘பெர்’ என்றால் முழுதாக, ‘ஃபாக்கெரே’ என்றால் செய்தல். முழுதாகச் செய்து முடித்தது என்பது பொருள். குறையற்றது என்ற இன்றைய வழக்கும் அதிலிருந்தே வந்தது. இலத்தீனில் ‘அமாவி’ என்ற ஒரே வடிவம் ‘நேசித்தேன்’, ‘நேசித்திருக்கிறேன்’ ஆகிய இரண்டையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இவை இரண்டும் தனித்தனி வடிவங்கள். அப்படியிருந்தும் ஆங்கில இலக்கணகாரர் இலத்தீன் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது ‘முற்று’க்கு வருவோம். தமிழ் இலக்கணத்தில் முற்று என்பது வினைமுற்று; எச்சத்துக்கு எதிரானது. ‘செய்து’ என்பது வினையெச்சம், ‘செய்த’ என்பது பெயரெச்சம், ‘செய்தான்’, ‘செய்கிறான்’, ‘செய்வான்’ என்பன முற்றுகள். ஒரு வினை வேறு சொல்லை எதிர்பாராமல் தானே வாக்கியத்தை முடித்து நிற்பதைத்தான் அச்சொல் குறிக்கிறது. செயல் முடிந்ததா இல்லையா என்பது அதற்குப் பொருட்டே அல்ல. ‘நாளை செய்வான்’ என்பதில் வேலை தொடங்கவேயில்லை, ஆனாலும் ‘செய்வான்’ முற்றுத்தான். ஆகவே தமிழ் படித்த ஒருவருக்கு ‘நிகழ்கால முற்று’ என்றால் ‘செய்கிறான்’ என்பதே நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். காலையில் தமிழ்ப் பாடத்தில் ஆறுமுக நாவலர் வழிவந்த இலக்கணத்தின்படி இதைப் படிக்கும் பிள்ளை, மாலையில் ஆங்கில வகுப்பில் அதே பெயருக்கு வேறு பொருளை மனனம் செய்கிறது. ஒரு துறையில் நூற்றாண்டுகளாக நிலைபெற்ற சொல்லை அதே துறையில் வேறொன்றுக்குச் சூட்டுவது கலைச்சொல்லாக்கத்தின் முதல் விதியையே மீறுவதாகும். அகராதியில் ‘முடிந்த’ என்று கண்டதும் கைக்கு வந்த சொல்லை எடுத்துப் போடுபவர்கள், அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேலை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்திருக்கலாம்.

‘பூரண நிகழ்காலம்’, ‘நிறைவு நிகழ்காலம்’ என்ற பெயர்களில் அந்த மோதல் இல்லை. ஆனால் அவையும் செயல் முடிந்தது என்ற எண்ணத்தையே விதைக்கின்றன. ‘ஐ ஹாவ் லிவ்ட் இன் கொலம்போ ஃபோர் ரென் இயர்ஸ்’ என்று சொல்பவர் இன்னமும் கொழும்பில்தான் வாழ்கிறார். எதுவும் நிறையவில்லை, பூரணமாகவுமில்லை. முன்பு நடந்ததோ தொடங்கியதோ இப்போதைய நிலையோடு ஒட்டி நிற்கிறது என்பதே இந்த வடிவத்தின் பொருள். அதனால்தான் ‘யெஸ்ரடே’ போன்று முடிந்துபோன பொழுதைக் குறிக்கும் சொல்லோடு அது சேராது. நேற்று என்றால் ‘ஐ சோ ஹிம்’ என்பதே சரி.

இப்பொருளுக்குரிய சொல் தமிழில் வெளியே தேடவேண்டியதாக இல்லை. ‘பார்த்திருக்கிறேன்’ என்பதில் ‘பார்த்து’ நடந்ததைச் சொல்கிறது, ‘இருக்கிறேன்’ இன்றைய நிலையைச் சொல்கிறது. ஆங்கில ‘ஹாவ்’ இந்த வடிவத்துக்குள் வந்த வழியும் இதற்கு நெருக்கமானது: ‘எழுதப்பட்ட கடிதம் என்னிடம் உண்டு’ என்ற உடைமைப் பொருளில் தொடங்கியே அது துணைவினையானது. அந்த உடைமையையும் தமிழில் ‘என்னிடம் இருக்கிறது’ என்றுதான் சொல்கிறோம். எனவே ‘இருப்பு நிகழ்காலம்’ என்பதே தகுந்த பெயர் என்பேன். கடைக்காரர் இருப்பெடுக்கும்போது, முன்பு வாங்கியதில் இன்று கையில் உள்ளதைத்தான் எண்ணுகிறார். பிள்ளைகளுக்கு இந்த உவமை உடனே பிடிபடுகிறது. ‘வந்திருந்தேன்’ என்பது இருப்பு இறந்தகாலம், ‘நாளை இந்நேரம் வந்திருப்பேன்’ என்பது இருப்பு எதிர்காலம் என்று வரிசையும் தானாக அமைகிறது.

ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். காலையில் கொழும்பின் காலி வீதி ஈரமாகக் கிடப்பதைக் கண்டு ‘இரவு மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். அங்கே தமிழ் ‘இரு’ ஊகத்தைச் சொல்கிறது. அதை ‘இற் ஹாஸ் ரெயின்ட் லாஸ்ற் நைற்’ என்று மாற்றினால் பிழை. ‘இற் மஸ்ற் ஹாவ் ரெயின்ட்’ என்றே எழுதவேண்டும்.

செயல் நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் ‘கன்ரினியுவஸ்’ என்பதற்குத் ‘தொடர்’ பொருந்தும், ஆனால் முன்னொட்டாக மட்டும். ‘நிகழ்காலத் தொடர்’ என்றால் நிகழ்காலத்தில் அமைந்த ஒரு வாக்கியம் என்றாகிவிடும். ‘தொடர் நிகழ்காலம்’ என்பதே குழப்பமற்றது. ‘ஐ ஆம் நோயிங்’ என்று எழுதும் பிள்ளையிடம், ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று நாம் சொல்வதுண்டா என்று கேட்டால் போதும், அதன் காதே திருத்திவிடும். ஆனால் ‘பத்து ஆண்டுகளாகப் படிப்பித்துக்கொண்டிருக்கிறார்’ என்பதில் அந்தக் காது உதவாது. தமிழுக்கு அங்கே ஒரே வடிவம் போதுமாக இருப்பதால், ‘ஷீ இஸ் ரீச்சிங் ஃபோர் ரென் இயர்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலம் கேட்பது ‘ஹாஸ் பீன் ரீச்சிங்’. அதைத் ‘தொடரிருப்பு நிகழ்காலம்’ என்று மருமகளின் தாளில் ‘முற்று’ வெட்டப்பட்ட இடத்துக்குக் கீழே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.