ட்ரோன், கேமரா ஏற்றுமதியா? முதலில் ஸ்கோமெட் பட்டியலைப் பாருங்கள்

வயலில் மருந்தடிக்கிற ட்ரோனும் போர்முனையில் குண்டு போடுகிற ட்ரோனும் ரொம்பத் தூரத்துச் சொந்தமெல்லாம் இல்லை. இப்படி வீட்டுக்கும் ஆகும், ராணுவத்துக்கும் ஆகும் என்கிற பொருள்களை இந்தியாவிலிருந்து அனுப்ப லைசென்ஸ் வேண்டும். அப்படிப்பட்ட பொருள்களின் பட்டியலுக்குப் பெயர் ஸ்கோமெட். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிஎஃப்டி, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இதை நடத்துகிறது. (அணு சார்ந்தவை அணுசக்தித் துறைக்குப் போகும், அது நமக்கு வேண்டாம்.)

பலர் ஹெச்எஸ் கோடை, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்துகிற எண்ணை, மட்டும் பார்த்துவிட்டு இன்வாய்ஸ் போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. ஸ்கோமெட் பொருளின் பெயரோடு நிற்பதில்லை, டேட்டா ஷீட்டில் இருக்கிற எண்ணையும் பார்க்கும். மின்பெட்டியில் எங்கே சூடேறுகிறது என்று பார்க்கிற சின்ன தெர்மல் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்னால் கையை ஆட்டினால் படம் விட்டு விட்டு நகரும். கம்பெனியின் கஞ்சத்தனம் என்று நினைப்போம், ஆனால் காரணம் வேறு: குளிரூட்டாத சென்சார் உள்ள கேமரா வினாடிக்கு 9 ஃபிரேமைத் தாண்டாவிட்டால் வாசனார் அமைப்பின் (இந்த மாதிரிப் பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிற நாடுகளின் கூட்டு) விதியில் அதற்கு விலக்கு உண்டு. இந்தியா 2017 டிசம்பரில் அந்த அமைப்பில் சேர்ந்தது, ஸ்கோமெட்டின் 8ஆம் பிரிவு அதன் பட்டியலை ஒட்டியதுதான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கேமராவில், வேகமாக ஓடுவது லைசென்ஸில் மாட்டலாம், மெதுவானது தப்பிக்கலாம். கடையில் யாரும் வாங்கக்கூடிய போன், லேப்டாப்பில் உள்ள மறையாக்கத்துக்கும் (தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றுகிற என்கிரிப்ஷன்) இதே மாதிரி விலக்கு இருக்கிறது, இல்லாவிட்டால் போன் ஏற்றுமதியே முடங்கிப்போகும்.

ட்ரோன் விஷயத்தில் 2023 ஜூனில் பெரிய தளர்வு வந்தது. அதுவரை சின்ன ட்ரோனுக்குக்கூட ஒவ்வொரு முறையும் தனி லைசென்ஸ். இப்போது பறக்கும் தூரம் 25 கிலோமீட்டருக்குள், தூக்கும் எடை 25 கிலோவுக்குள், பயன்பாடு சிவிலியன் மட்டும், ஸ்கோமெட்டின் வேறு குறிப்பிட்ட பிரிவிலும் அது வரவில்லை என்றால், ஜிஏஇடி என்ற பொது அனுமதியை ஒரு தடவை வாங்கினால் 3 வருஷம் ஓடும். அனுப்பிய பிறகு கணக்கு கொடுக்க வேண்டும். ட்ரோன் மட்டும்தான், அதன் மென்பொருளும் தொழில்நுட்பமும் இதில் சேராது.

மற்றதற்கு டிஜிஎஃப்டி தளத்தில் விண்ணப்பம் போட வேண்டும். அதில் உயிர்நாடி இறுதிப் பயனர் சான்றிதழ்: பொருளைக் கடைசியில் யார், எதற்காகப் பயன்படுத்தப் போகிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். துபாயில் இருக்கிற இடைத்தரகரின் கையெழுத்து மட்டும் போதாது, அவர் யாருக்கு விற்கிறாரோ அவரும் தெரிய வேண்டும். பல துறை அதிகாரிகள் உட்காருகிற குழு பார்த்து முடிவு சொல்லும், அதனால் டெலிவரி தேதியை வாங்குபவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு விண்ணப்பிக்காதீர்கள்.

அப்புறம், இலவச சாம்பிள்தானே என்று கூரியரில் போடுவதும், கட்டுப்பாட்டுக்குள் வரும் கருவியின் டிராயிங்கை ஈமெயிலில் அனுப்புவதும் ஏற்றுமதிக் கணக்குத்தான். பட்டியலில் இல்லாத பொருளாக இருந்தாலும், பேரழிவு ஆயுதத்துக்கோ ஏவுகணைக்கோ போகும் என்று உங்களுக்குத் தெரிந்தால் அனுமதி இல்லாமல் அனுப்பக்கூடாது. மீறினால் 2005ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதச் சட்டம் வரை இழுக்கும். அனுப்பி முடித்த காகிதங்களை 5 வருஷம் பத்திரமாக வையுங்கள், கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.