குவார்ட்டர்பேக்: சொல் விளக்கம்

தமிழ்நாட்டில் 'குவார்ட்டர்' என்றால் 180 மில்லி. அதோடு 'பேக்' சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் இது அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவரின் பெயர். சரி, தமிழாக்கிவிடலாம் என்று கால், பின் என இரண்டையும் ஒட்டினால் 'கால்பின்னர்' வருகிறது. காலைப் பின்னிக்கொண்டு விழுபவர் போல இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் ஹாஃப்பேக்கை 'அரைப்பின்னர்' என்றால் இடுப்பு வந்து நிற்கிறது. காலும் அரையும் கணக்கிலும் உண்டு, உடம்பிலும் உண்டு என்கிற மொழியில் நேர் மொழிபெயர்ப்பு இப்படித்தான் காலை வாரும்.

முதலில் அந்தக் கால் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 'பேக்' என்பது முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர். எவ்வளவு பின்னால் என்று சொல்லத்தான் பின்னம். பழைய ரக்பி ஆட்டத்தில் கடைசியில், தன் கோல் பக்கம் நின்றவர் ஃபுல்பேக். இடையில் ஹாஃப்பேக். முன்வரிசையின் முதுகை ஒட்டினாற்போல் நின்றவரை ஸ்காட்லாந்துக்காரர்கள் குவார்ட்டர்பேக் என்றார்கள். ஆக, பெயர் வேலையைச் சொல்லவில்லை, நிற்கும் தூரத்தைச் சொன்னது.

1880-இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் முன்னின்று அமெரிக்க ஆட்டத்தின் விதிகளை மாற்றியபோது இந்தச் சொல் விதிப்புத்தகத்தில் ஏறியது. நடுவில் இருப்பவர் பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுவார். அதை முதலில் வாங்குபவர் குவார்ட்டர்பேக். கூடவே ஒரு தடை: வாங்கிய பந்தோடு அவர் முன்னே ஓடக்கூடாது. பந்தை முன்னோக்கி வீசும் அனுமதியோ 1906-இல்தான் கிடைத்தது. ஓடவும் முடியாது, வீசவும் முடியாது. வாங்கி அடுத்தவர் கையில் கொடுக்கும் ஆள், அவ்வளவுதான்.

அந்த ஆள் எப்படி அணியின் மூளையானார் என்பதை கிரீன் பே பேக்கர்ஸ் என்ற ஒரே அணியை வைத்தே பார்க்கலாம். (இந்தப் 'பேக்' வேறு. 1919-இல் சீருடைக்குப் பணம் கொடுத்தது இறைச்சி அடைத்து விற்கும் நிறுவனம். அதனால் வந்த பெயர்.) 1930களில் அங்கே நீளநீளமாக வீசியவர் ஆர்னி ஹெர்பர். ஆனால் வீச்சு அன்று பெரும்பாலும் டெயில்பேக்கின் (இன்னும் பின்னால் நின்றவரின்) வேலை. குவார்ட்டர்பேக் என்ற பெயரைத் தாங்கியவர் முட்டிமோதி மற்றவர்களுக்கு வழி திறந்துகொண்டிருந்தார். 1940-இல் சிகாகோ பேர்ஸ் 'டி' அமைப்பில் (குவார்ட்டர்பேக் நடுவில் இருப்பவரை ஒட்டிப் பின்னால் நின்று பந்தை வாங்கும் வரிசை) ஆடி வாஷிங்டனை 73-0 என்று நொறுக்கிய பிறகுதான், இன்று நாம் பார்க்கும் குவார்ட்டர்பேக் எல்லா அணிகளிலும் மெல்ல மெல்ல வந்தார்.

பார்ட் ஸ்டார் 1956-இல் அணிக்கு வந்தவர், அணிகள் புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் 17-ஆம் சுற்றில் 200-ஆவது ஆளாக. அவர் காலத்தில் அடுத்த நகர்வை வீரர்கள் கூடி நிற்கும் வட்டத்தில் குவார்ட்டர்பேக்கே அறிவிப்பார். 1967 டிசம்பர் 31, டல்லஸுக்கு எதிரான இறுதி. குளிர் மைனஸ் 25 டிகிரி. நடுவர்களின் ஊதல் உறைந்துபோய், குரல் கொடுத்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். 16 விநாடி பாக்கி, கோல்கோடு ஒரு யார்டுக்குள். பயிற்சியாளர் லொம்பார்டியிடம், தரை வழுக்குகிறது, நானே நுழைந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வட்டத்துக்கு வந்த ஸ்டார், சக வீரர் சக் மெர்சீனுக்குப் பந்து போகும் நகர்வைத்தான் அறிவித்தார். பந்து தனக்கு என்று மெர்சீன் பாய்ந்தார். ஸ்டார் கொடுக்கவே இல்லை. பந்தோடு தானே கோட்டுக்குள் விழுந்தார். 21-17, வெற்றி. 1880 விதி தடுத்த அதே காரியம்!

பிரெட் ஃபாவ் வேறு ரகம். 1992-இல் பேக்கர்ஸுக்காக அவர் வெற்றிகரமாக வீசிய முதல் பந்து, எதிராளி கையில் பட்டுத் திரும்பி, ஃபாவே பிடித்து, ஏழு யார்டு நட்டம். 2008 ஜனவரியில் அந்த அணிக்காக வீசிய கடைசிப் பந்தை எதிரணி பிடித்தது. நடுவில் மூன்று வருடம் தொடர்ந்து மிகச்சிறந்த வீரர் விருது, ஒரு சூப்பர் பவுல் கோப்பை. கை முந்தும், யோசனை பிந்தும். ஆனால் பார்க்க அலுக்காது.

அவருக்குப் பின்னால் மூன்று வருடம் காத்திருந்த ஆரன் ராஜர்ஸ் பேக்கர்ஸுக்காக 475 டச்டவுன் (எதிரணியின் கோல்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் வீச்சு) வீசினார், எதிராளியிடம் பறிகொடுத்தது 105 மட்டும். ஃபாவுக்கு 442, 286. ஸ்டாருக்கு 152, 138. எண்களை அடுக்கினால் ஸ்டார் கடைசி. ஆனால் ஐந்து முறை கோப்பை வென்றவர் அவர்தான். பிளேஆஃபில் 9 வெற்றி, 1 தோல்வி. அவர் காலத்தில் பந்தை வாங்க ஓடுபவரைத் தடுப்பாட்டக்காரர்கள் வழியெல்லாம் இடிக்கலாம். 1978-இல்தான் அது ஐந்து யார்டுக்குள் என்று சுருங்கியது. 1994 முதல் பயிற்சியாளரின் குரல் ஹெல்மெட்டுக்குள் ரேடியோவில் கேட்கிறது. ஒரே பெயரில் மூன்று உத்தியோகம். ஒரே ஒரு ஆட்டத்தை ஜெயித்தாக வேண்டும் என்றால் நான் ஸ்டாரிடம்தான் பந்தைக் கொடுப்பேன்.

இப்போது தமிழ்ச்சொல். 'ஆட்ட நடத்துநர்' என்றால் சில்லறை இருக்கா என்று கேட்பார் போலிருக்கிறது. 'வீச்சாளர்' கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. 'தலைவர்' என்றால் கேப்டனோடு குழம்பும். இடத்தைச் சொல்லும் பெயரும் வேண்டாம். இன்று அவர் பல நேரம் ஐந்து யார்டு பின்னால் நின்றுதான் பந்தை வாங்குகிறார்.

என் தேர்வு 'ஏவுநர்'. ஏவு என்றால் கட்டளையிடு. ஏவு என்றால் செலுத்து. ஏவலும் ஏவுகணையும் ஒரே வேரில் இருக்கின்றன. ஓரெழுத்து ஒருமொழி படித்தவர்களுக்கு 'ஏ' என்றால் அம்பு என்பதும் நினைவிருக்கும். நகர்வைச் சொல்பவர், பந்தை எறிபவர், இரண்டும் ஒரு சொல்லில் அடங்குகிறது. ஸ்டாரிடம் முதல் பொருள் ஓங்கியிருந்தது, ஃபாவிடம் இரண்டாவது, ராஜர்ஸிடம் இரண்டும். 'ஏவலர்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது, அவர் வேலைக்காரர் ஆகிவிடுவார். பில்லி, சூனியம், ஏவல் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். மைனஸ் 25-இல் ஸ்டார் செய்தது கொஞ்சம் அந்த வகைதான்.

இன்னொன்று மிச்சம். ஞாயிறு ஆட்டம் முடிந்து மறுநாள் அலுவலகத்தில், இப்படி வீசியிருக்கணும் என்று பாடம் நடத்துபவரை அமெரிக்காவில் 'திங்கட்கிழமைக் காலைக் குவார்ட்டர்பேக்' என்பார்கள். அதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். வாய்ச்சொல் வீரர்.