கஞ்சாவுக்குப் பாரபட்சமா?

நண்பர் ஒருவர் சரிபார்க்கச் சொல்லி ஒரு மொழிபெயர்ப்பை அனுப்பியிருந்தார். இதழியல் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு. தலைப்பு, ‘கஞ்சா சட்டமாக்கல் செய்திகளில் ஊடகப் பாரபட்சத்தைக் கண்டறிதல்’. உள்ளே இரண்டாம் பத்தியில், ‘பல ஊடகங்கள் கஞ்சாவுக்குப் பாரபட்சம் காட்டுகின்றன’ என்று இருந்தது. பாவம் கஞ்சா. பந்தியில் அதன் இலைக்கு மட்டும் பாயசம் ஊற்றாமல் போய்விட்டார்கள் போலிருக்கிறது.

‘பயஸ்’ (bias) என்று ஆங்கிலத்தில் எங்கே வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘பாரபட்சம்’ போடும் வழக்கத்தைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். இந்த முறை பொறுக்கவில்லை.

சொல்லின் பிறப்பு சுருக்கமாக. பிரெஞ்சில் சாய்வு, குறுக்கு என்று பொருள்படும் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பந்து ஒரு பக்கம் சற்றுக் கனத்திருக்கும். நேராக உருட்டினாலும் வளைந்துதான் போகும். அந்த வளைவுக்குத்தான் ‘பயஸ்’ என்று பெயர். துணியை இழைக்குக் குறுக்கே சாய்த்து வெட்டுவதற்கும் அதே பெயர். ரவிக்கைக் கழுத்துக்கு வைக்க அப்படி வெட்டிய பட்டியை நம்மூர்த் தையற்கடையில் ‘கிராஸ் பீஸ்’ என்பார்கள். மனிதர்களின் மனச்சாய்வுக்கு இந்தச் சொல் வந்தது இதற்கெல்லாம் அப்புறம்தான்.

அந்தப் பந்தை மறக்க வேண்டாம். உருட்டியவர் யோக்கியமானவராகவே இருக்கலாம். வளைவு பந்தில் இருக்கிறது.

பாரபட்சம் அப்படியல்ல. அம்மா தம்பிக்கு இரண்டு முட்டையும் எனக்கு ஒன்றும் வைத்தால் அது பாரபட்சம். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர்கள் குறைந்தது இருவர், பங்கில் ஏற்றத்தாழ்வு. இந்த மூன்றும் வேண்டும். வேண்டுமென்றே செய்தார் என்ற குற்றச்சாட்டும் அதற்குள் ஒட்டிக்கொண்டே வரும். செய்தியில் வரும் வளைவுக்கு இது எதுவும் தேவையில்லை.

இதே கஞ்சாவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மருந்துக்கடைகளில் ‘கன்னாபிஸ்’ என்ற பெயரில் இருந்த சரக்குதான் அது. 1930 முதல் 1962 வரை அந்நாட்டின் போதைப்பொருள் துறைக்குத் தலைவராக இருந்த ஹாரி ஆன்ஸ்லிங்கரும், கொலைக் கதை தேடிய பத்திரிகைகளும் மெக்சிகோவிலிருந்து வந்த ‘மரிஹுவானா’ என்ற பெயரைப் பரப்பினார்கள். 1937இல் அந்தப் பெயரிலேயே வரிச்சட்டம் வந்தது. அதன் மசோதா மீதான விசாரணையில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் பேசிய வில்லியம் உட்வர்ட் அந்தப் பெயரையே ஆட்சேபித்தார். தாங்கள் அறிந்த கன்னாபிஸ்தான் இது என்பது மருத்துவர்களுக்கே தெரியாமல் இருந்தது என்றார். சட்டம் நிறைவேறியது. ஆன்ஸ்லிங்கர் தெரிந்தே சாய்த்தார், சரி. ஆனால் அதற்கப்புறம் எண்பது வருடங்களாக அந்தப் பெயரை எழுதிய நிருபர்கள் யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை. பந்தைக் கையில் கொடுத்தார்கள், உருட்டினார்கள். வாஷிங்டன் மாநிலம் 2022இல்தான் தன் சட்டங்களில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘கன்னாபிஸ்’ என்று மாற்றியது.

நம் பத்திரிகைகளிலும் இது உண்டு. கனடாக்காரர் புகைத்தால் சில செய்திகளில் அது ‘மரிஜுவானா’. உசிலம்பட்டிக்காரர் புகைத்தால் எல்லாச் செய்திகளிலும் ‘கஞ்சா’.

எதிர்ப்பக்கமும் சாயும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரியில் கஞ்சாவின் கடை விற்பனை தொடங்கியது. 2019க்குள் கஞ்சாவால் மாநிலத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் வருவாய் வந்துவிட்டதாக அறிவித்தார்கள். தொகை உண்மை. ஐந்து வருடத் தொகை அது என்பதும், அந்த மாநிலத்தின் அப்போதைய ஓராண்டு பட்ஜெட்டே ஏறக்குறைய 3,000 கோடி டாலர் என்பதும் பக்கத்தில் இல்லாவிட்டால் செய்தி ஒரு பக்கம் இறங்கிவிடும். மறுபுறம், ‘விபத்தில் இறந்த ஓட்டுநரின் ரத்தத்தில் கஞ்சா’ என்ற செய்தி. கஞ்சாவின் தடயம் போதை தெளிந்து பல நாள் ஆன பிறகும் உடலில் தங்கும். ‘ரத்தத்தில் தடயம்’ என்பது ‘கஞ்சா போதையில் விபத்து’ என்று தலைப்பாகும்போது செய்தி இந்தப் பக்கம் இறங்குகிறது. இரண்டிலும் அடிப்படைத் தகவலில் பொய் இல்லை, பாயசம் கிடைக்காதவரும் இல்லை. சாய்வு மட்டும் இருக்கிறது.

‘அப்படியானால் சார்பு என்று போடலாமே’ என்றார் நண்பர். மேலே உட்வர்ட் சங்கத்தின் ‘சார்பில்’ பேசினார் என்று எழுதினேனே, அவர் உண்மையைத் திரித்தார் என்றா புரிந்துகொண்டீர்கள்? அரசு சார்பில் மாலை போடுகிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘உறவுகளும் சார்புகளும்’ இருக்கிறது. இயற்பியலில் டையோடுக்கு ‘முன்னோக்குச் சார்பு’ கொடுக்கிறார்கள். தொழில் சார்ந்த, உணர்வு சார்ந்த என்று தொட்டதற்கெல்லாம் ‘சார்ந்த’ வேறு. இத்தனை மூட்டை சுமக்கும் சொல்லின் தலையில் இன்னொன்றையும் ஏற்ற வேண்டாம்.

இலங்கைப் பத்திரிகைகள் ‘பக்கச்சார்பு’ என்று எழுதுகின்றன. பாரபட்சத்தைவிட நூறு மடங்கு மேல். தேர்தல் செய்திக்கு அது கச்சிதமான சொல். ஆனால் ஆதரிக்க ஒரு தரப்பு தயாராக நிற்க வேண்டும். 2020 டிசம்பர் 2 அன்று வியன்னாவில் ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையம் வாக்கெடுத்து, 1961ஆம் ஆண்டு போதைப்பொருள் உடன்படிக்கையில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்கான நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்கியது. ஆதரவு 27, எதிர்ப்பு 25, ஒரு நாடு ஒதுங்கியது. இந்தியா ஆதரித்தது. முதல் அட்டவணையில் கஞ்சா அப்படியே இருக்கிறது. அதாவது கட்டுப்பாடு தொடர்கிறது. ஆனால் ‘கஞ்சா ஆபத்தானதல்ல, ஐ.நா. அறிவிப்பு’ என்ற தொனியில் தலைப்புகள் பறந்தன. எழுதியவர்கள் கஞ்சாக் கட்சியா? இல்லை. பரபரப்பின் பக்கம் சாய்ந்தார்கள், அவ்வளவுதான். அதைப் பக்கச்சார்பு என்றால் பொருந்தவில்லை.

பழைய சொல் ஒன்று இருக்கிறது: கோட்டம். கோடுதல் என்றால் வளைதல், சாய்தல். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் ‘ஒருபால் கோடாமை’ என்று தராசை வைத்துச் சொல்லும். அடுத்த குறளிலேயே ‘சொற்கோட்டம்’, ‘உட்கோட்டம்’ என்று இரண்டாகப் பிரித்துவிடும்: சொல்லில் உள்ள வளைவு வேறு, மனதில் உள்ள வளைவு வேறு. ஊடகத்தைப் பற்றிப் பேச இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்று ‘ஊடகக் கோட்டம்’ என்று எழுதினால் போக்குவரத்துக் கோட்டம், வள்ளுவர் கோட்டம் வரிசையில் ஏதோ கட்டடம் என்றுதான் நினைப்பார்கள். ஆசைப்பட்டு என்ன செய்வது.

எனவே ‘சாய்வு’. ஊடகச் சாய்வு. கணக்கில் அதுவும் வேறு பொருளில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும், அங்கும் அது சரிவுதான். எந்தப் பக்கம், எவ்வளவு என்று அளக்கக்கூடியது. இங்கும் அதைத்தானே கேட்கிறோம்? தவிர, சாய்வு வினையாகவும் நடக்கும். செய்தி சாய்கிறது, தலைப்பைச் சாய்த்துவிட்டார்கள், சாயாமல் எழுது. பாரபட்சத்தைக் ‘காட்ட’ மட்டும்தான் முடியும்.

தலைப்பின் இன்னொரு பாதியும் சகிக்கவில்லை. சட்டமாக்கல் என்பது மசோதாவைச் சட்டமாக்குவது. கஞ்சாவைச் சட்டமாக்கினால் அதை யார் மீறுவது? சட்டபூர்வமாக்கல் என்பதே சரி. அதையும் குற்றநீக்கத்தையும் ஒன்றாகக் குழைப்பது அடுத்த கொடுமை. போர்ச்சுகல் 2001இல் செய்தது குற்றநீக்கம்: சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருந்தால் சிறை கிடையாது, ஆனால் தடை தடைதான். ஜெர்மனி 2024 ஏப்ரலில் ஒருவர் 25 கிராம் வரை வெளியே கொண்டுசெல்லவும் வீட்டில் மூன்று செடி வளர்க்கவும் இடம் கொடுத்தது, கடை விற்பனைக்கு அல்ல. கனடா 2018 அக்டோபரில் கடையையே திறந்தது. இந்த மூன்றையும் ‘கஞ்சாவுக்கு அனுமதி’ என்று ஒரே அச்சில் வார்ப்பவர்களைச் சாய்ந்தவர்கள் என்றுகூடச் சொல்லமாட்டேன், சோம்பல்.

நண்பருக்குத் தலைப்பைத் திருத்தி அனுப்பினேன்: ‘கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவது பற்றிய செய்திகள்: சாய்வைக் கண்டுகொள்வது எப்படி?’ நீளமாகிவிட்டது, ஒரு வரியில் அடங்காது என்கிறார். எழுத்தின் அளவைக் குறைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.