பரீட்சை மீதி இடித்தால் முதலில் ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்

புறக்கோட்டை, பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடை. மார்ச் 31 கணக்கு முடிக்கும் அமளி. புத்தகம் எழுதும் தம்பி இரண்டு நாளாகப் பேரேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பேரேட்டு மீதிகளைப் பட்டியலிட்டு இரு பக்கமும் சமமா என்று பார்ப்பதுதான் பரீட்சை மீதி. அதில் வரவுப் பக்கம் 48,763,215. செலவுப் பக்கம் 48,736,215.

"இருபத்தேழாயிரம் இடிக்குது சேர். தொங்கல் கணக்கில போட்டு விடட்டா?"

காரணம் தெரியாத வித்தியாசத்தைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் இந்தத் தொங்கல் கணக்கு என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்வாய்ஸ் கட்டைத் தொடாமல், 27,000 ஐ ஒன்பதால் வகுக்கச் சொன்னேன். 3,000, மிச்சமில்லை.

அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால், வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்குதான். 36 ஐ 63 என்று எழுதும்போது 6 பத்தாமிடத்துக்கு ஏறி 54 ஐக் கூட்டுகிறது. 3 ஒன்றாமிடத்துக்கு இறங்கி 27 ஐக் குறைக்கிறது. மிஞ்சுவது 27. வகுத்து வந்த ஈவு இன்னும் துப்புத் தரும்: 3,000 என்றால், ஆயிரமாமிடத்திலும் பத்தாயிரமாமிடத்திலும் உள்ள இலக்கங்கள் மாறியிருக்கின்றன, அவற்றுக்கிடையே வித்தியாசம் 3. அதாவது 14, 25, 36, 47 மாதிரியான சோடிகளை மட்டும் தேடினால் போதும். கால் மணித்தியாலத்தில் அகப்பட்டது: 236,450 ரூபாய் இன்வாய்ஸ், கடன்பட்டோர் கணக்கில் 263,450 ஆகக் குந்தியிருந்தது.

அகப்படாவிட்டால் வேறு இரண்டு சந்தேகங்கள் உண்டு. ஒரு பூச்சியம் கூடி 3,000 ஐ 30,000 என்று பதிந்திருக்கலாம். அதற்கும் வித்தியாசம் 27,000 தான். அல்லது அதில் பாதி, 13,500, பக்கம் மாறி விழுந்து இரட்டித்திருக்கலாம்.

இப்போது கணினிதானே என்பீர்கள். கணினி பிழையான தொகையை இரு பக்கமும் போட்டுச் சமப்படுத்திவிடும். நம் புத்தகத்தை வங்கியின் கூற்றோடு ஒப்பிடும் வங்கி இணக்கக் கூற்றில்தான் அது தலைகாட்டும். வகுக்கும் வேலை அங்கும் இதேதான்.

ஒரு எச்சரிக்கை. இலக்கங்களைக் கூட்டி ஒன்பது கழித்துச் சரிபார்க்கும் பழைய ஆட்கள் இருக்கிறார்கள். 236,450, 263,450 இரண்டுக்கும் கூட்டுத்தொகை 20. இடம் மாறியது அந்தக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பதினொன்றால் வகுத்தால் தெரியும்: முதலாவதில் மீதி 5, இரண்டாவதில் மீதியே இல்லை. புத்தகங்களுக்குத் தரும் அடையாள எண்ணான பழைய பத்து இலக்க ஐஎஸ்பிஎன் பதினொன்றை நம்பியது இதனால்தான்.

வங்கி அட்டைகளின் கடைசி இலக்கமும் இப்படியொரு காவற்காரன். ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் தந்த முறை அது. ஒற்றை இலக்கப் பிழை எல்லாவற்றையும் பிடிக்கும். அடுத்தடுத்த இலக்கங்களின் இடமாற்றத்தில் 09 ஐ 90 ஆக்கினால் மட்டும் ஏமாந்துபோகும்.

கைத்தொலைபேசி இலக்கத்தில் அப்படி எந்தக் காவலும் கிடையாது. போன மாதம் அடியேனே இரண்டு இலக்கங்களை மாற்றி அடித்து, 500 ரூபாய் ரீலோட்டை யாரோ ஒருவருக்குப் போட்டுவிட்டேன். அவர் அந்தக் காசிலேயே கோல் எடுத்து நன்றி சொன்னார்.