உப்பு: சொல் விளக்கம்

அமிலத்திலுள்ள ஹைட்ரஜனின் இடத்தை ஓர் உலோகமோ அம்மோனியமோ பிடிக்கும்போது உண்டாகும் சேர்மமே வேதியியலில் உப்பு எனப்படுகிறது. கறியுப்பு அவற்றுள் ஒன்று மட்டுமே. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகிய ஐந்து மொழிகளிலும் உப்பு என்றே வழங்கும் இது திராவிடச் சொல். உவர், உவர்ப்பு என்பன இதற்கு இனமானவை. பொட்டாசியம் நைட்ரேட்டை வெடியுப்பு என்றும் மக்னீசியம் சல்பேட்டைப் பேதியுப்பு என்றும் வழங்கும் மொழியில், பாடநூலுக்கெனப் புதுச்சொல் படைக்க வேண்டிய தேவை எழவில்லை.

சிக்கல் அதன் துணைச்சொல்லில், அதாவது ஆங்கிலத்தில் base எனப்படுவதன் தமிழ்ப் பெயரில்தான் உள்ளது. அமிலமும் அதனோடு வினைபுரியும் மற்றொரு பொருளும் சேர்ந்து உப்பைத் தருகின்றன என்ற வரையறையை 1754இல் முன்வைத்த பிரெஞ்சு வேதியியலர் ரூவேல், அம்மற்றொன்றை உப்புக்குத் திடவடிவம் தரும் அடித்தளமாகக் கருதினார். இலங்கைப் பாடநூல்களின் 'மூலம்' இக்கருத்தை ஒட்டியது. தமிழ்நாட்டில் வழங்கும் 'காரம்', க்ஷாரம் என்ற வடசொல்லின் வழிவந்தது. நீரில் கரையும் காரத்தை 'எரிகாரம்' எனப் பிரித்துக் காட்டினாலும், மிளகாயை நினைக்கும் மாணவனைக் குறை சொல்ல முடியாது. மூலமே பொருத்தம் என்பது என் கருத்து.

கரையும் உப்பைத் தயாரிக்கும் முறையில், நீரில் கரையும் மூலம், கரையாத மூலம் என்ற வேறுபாடு நேரடியாகப் பயன்படுகிறது. நீரில் கரையாத மூலமாகிய கருநிறக் காப்பர் ஆக்சைடை, இளஞ்சூடான நீர்த்த கந்தக அமிலத்தில் சிறிது சிறிதாக இட்டுக் கலக்கி, இனிக் கரையாமல் அடியில் தங்கும் வரை சேர்த்தால் அமிலம் முழுதும் தீர்ந்துவிடும். மிஞ்சிய ஆக்சைடை வடிகட்டி நீக்கி, நீலக் கரைசலைத் தெவிட்டும் அளவுக்கு ஆவியாக்கி ஆறவிட்டால் படிகங்கள் விளையும். உப்பளத்தார் உப்பு 'விளைகிறது' என்பதும் இதைத்தான். வற்றும்வரை காய்ச்சக் கூடாது: படிகத்தின் எடையில் ஏறத்தாழ 36 விழுக்காடு படிகநீர், அது வெளியேறினால் எஞ்சுவது வெண்பொடி. இந்நீல உப்புக்கு மயில்துத்தம் என்ற பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. சுண்ணாம்புடன் கலந்து போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லியைத் தயாரிக்கும் உழவர் அறிந்த பெயர் அதுவே. பாடநூல் 'காப்பர் சல்பேட்' என்பதன் அருகே அதையும் தரலாம்.

சோடியம், பொட்டாசியம் உப்புகளுக்கு இம்முறை உதவாது. அவற்றின் மூலங்களே நீரில் கரைவதால், மிஞ்சியதை வடிகட்ட வழியில்லை. அங்கு, அமிலம் தீர்ந்ததை நிறமாற்றத்தால் உணர்த்தும் நிறங்காட்டியின் துணையுடன் தரம்பார்த்து (ஒன்றில் மற்றொன்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளந்து), தேவையான அளவுகளை அறிந்தபின், நிறங்காட்டி இன்றி அதே அளவுகளைக் கலந்து ஆவியாக்க வேண்டும்.