புல்லட்டுக்குக் கேம் வீல் வாங்கும் முன்

காட்பாடிப் பக்கம் எங்கள் பட்டறைக்கு வரும் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்காரர்கள் பலரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். சிலிண்டர் போரிங் முடிந்தது, கார்புரேட்டர் ஒரு சைஸ் பெரிதாயிற்று, சைலன்சரும் மாறிவிட்டது. "அண்ணா, அப்படியே ஹை லிஃப்ட் கேமும் போட்டுடுங்க." கேம் என்பது வால்வைத் தூக்கித் திறக்கும் பாகம்; ஹை லிஃப்ட் கேம் அதை இன்னும் உயரத் தூக்கும். பெரும்பாலும் வேண்டாம் தம்பி என்றே சொல்கிறேன்.

350 புல்லட்டின் போர் (சிலிண்டரின் குறுக்களவு) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ. குறைந்த வேகத்தில் கிடைக்கும் இழுவைதான் இந்த இன்ஜினின் பலம். கடையில் கிடைக்கும் ஹை லிஃப்ட் கேம்கள் வால்வை அதிகமாகத் தூக்குவதோடு, அதிக நேரம் திறந்தும் வைக்கின்றன. காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு தாமதமாக மூடுவதால், மெதுவாக ஓடும்போது இழுத்த காற்றில் ஒரு பங்கு கார்புரேட்டர் பக்கமே திரும்பிப் போகிறது. ஆம்பூர் தாண்டி நெடுஞ்சாலையில் மிதிக்கும்போது நன்றாக இருக்கலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் ஆளை வைத்து ஏறும்போது வண்டி திணறும், கிளட்ச் அடி வாங்கும், இன்ஜின் கொதிக்கும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. காற்றால் குளிரும் இன்ஜினுக்கு அந்தக் கூடுதல் சூடு தேவையில்லை. லேசான மாற்றம் செய்த வண்டிக்குக் கம்பெனி அளவுக் கேமே போதும்.

மிச்சமாகும் பணத்தைக் கியர்ப் பல் பொருத்தத்தில் போடுங்கள். நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். இந்த இன்ஜினில் கேமும் கியரும் ஒரே பாகம், அதுதான் கேம் வீல். இன்லெட்டுக்கு ஒரு வீல், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு வீல். இரண்டும் கிராங்க் வேகத்தில் பாதி சுற்றும். கேம் மாற்றுகிறவர் பல்லையும் சேர்த்தே மாற்றுகிறார். ஆனால் வாங்கும்போது எல்லோரும் கேமின் மூக்கை, அதாவது வால்வைத் தூக்கும் முனையைத்தான் பார்க்கிறார்கள். 1955 முதல் சென்னையில் தயாரான வண்டி என்பதால் பல காலத்து, பல தரத்து உதிரிகள் சந்தையில் கலந்து கிடைக்கின்றன. ஒரு வீல் புதுசு, ஒரு வீல் பழசு என்று போட்டால் தேய்ந்த பல்லும் தேயாத பல்லும் ஒன்றையொன்று தின்னும். இவற்றைச் சுற்றவைக்கும், கிராங்கில் உள்ள சிறு கியரான பினியனோடு சேர்த்து செட்டாகவே வாங்குங்கள்.

வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல்லின் முகத்தில் பிசிறு, கட்டர் கோடு இருக்கக் கூடாது. கேமின் ஓரத்தில், டேப்பட் (கேம் தள்ளும் பாகம்) படாத இடத்தில், மெல்லிய அரத்தை லேசாக இழுங்கள். அரம் வழுக்கினால் உலோகம் கடினமாக இருக்கிறது, நல்லது. கடித்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஸ்பிண்டில், அதாவது கேம் வீல் சுற்றும் அச்சு. அது இன்ஜின் கேஸில் இறுக்கி அடித்தது. கேஸைச் சூடாக்காமல் சுத்தியலால் இறக்கினால் துளி சாய்ந்துவிடும். பல்லின் ஒரு ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் அதுதான் காரணம். வீல்களை மாட்டி, பிளக்கைக் கழற்றிவிட்டு, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சில இடங்களில் நிறுத்தி வீலை விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் மிகச் சிறிய ஆட்டம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் பிடித்து இன்னோரிடத்தில் தளர்ந்தால் அந்த வீல் வட்டம் தப்பியது. குளிர்ந்திருக்கும்போதே லூஸாக இருந்தால் சூட்டில் இன்னும் மோசமாகும்: அலுமினியம் கேஸ், இரும்புக் கியரைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. ஸ்பிண்டில்களுக்கு இடையே 50 மி.மீ. என்று வைத்தால், 80 டிகிரி சூடேறும்போது அவை கிட்டத்தட்ட 0.04 மி.மீ. கூடுதலாக விலகும். அதற்காக இறுக்கமாகவும் போடக் கூடாது. இறுக்கத்தில் ஊளையிடும் கியர் ஸ்பிண்டிலையும் புஷ்ஷையும் (உள்வளையத்தையும்) சாப்பிடும். உதிர்ந்த தூள் ஆயிலில் கலக்கும், ஒரு பல் முறிந்தால் வால்வு பிஸ்டனில் முட்டவும் கூடும்.

பினியனைப் பிடித்திருக்கும், ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் நட்டுக்கு இடது மரை, எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் வழக்கப்படி திருகி மரையைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதையும் மீறி லிஃப்ட் கூடிய கேம்தான் வேண்டும் என்றால், வால்வு பிஸ்டனில் முட்டுமா என்று பார்க்க, பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, இரண்டு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். அழுந்திய இடத்தில் இன்லெட் பக்கம் 1.5 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2 மி.மீ. கனமாவது மிஞ்ச வேண்டும். ஸ்பிரிங்கும் கடினமாகும் என்பதால் பல்லுக்குச் சுமை கூடும்.

எந்தக் கேம் போட்டாலும் டேப்பட்டையும் புதிதாகப் போடுங்கள். கியர்களில் உள்ள புள்ளிக் குறிகளைச் சேர்த்து மூடும் முன் மூக்கிலும் பல்லிலும் கெட்டியான அசெம்பிளி கிரீஸ் தடவுங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விட்டுவைக்காமல் கொஞ்சம் ரேஸிலேயே ஓடவிடுங்கள். மெதுவான ஓட்டத்தில் புதுக் கேமுக்கு ஆயில் சரியாக எட்டாது. வண்டி ஆறியதும், டேப்பட்டுக்கு மேல் நிற்கும் கம்பியான புஷ்ராடைப் பிடித்துப் பாருங்கள்: மேலும் கீழும் ஆடாமல், விரலுக்கு லேசாகச் சுழல வேண்டும். 500 கி.மீ.யில் ஆயிலை மாற்றி, வடிந்ததில் காந்தத்தை விட்டு இரும்புத்தூள் ஒட்டுகிறதா என்று பாருங்கள். கொத்தாக ஒட்டினால், கேம் வீல்களை மூடியிருக்கும் டைமிங் கவரைத் திறக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.